ஈம்ஸ் தம்பதி மயங்கிய சொம்பு

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலுக்குப் போனால் நாயக்கர் காலத்துத் தூண்களில் சொக்கிப் போவீர்கள். வெளியே வந்ததும் கடைத்தெருவில் ஒரு பித்தளைச் சொம்பையும் கையில் எடுத்துப் பாருங்களேன்!

1958-ல் இந்திய அரசுக்காக அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் மனைவி ரேயும், இங்கே பார்த்ததிலேயே ஆக அழகானது சொம்புதான் என்றார்கள். எவ்வளவு கொள்ளும், இடுப்பில் உட்காருமா, ஊற்றினால் எப்படி விழும், விலை என்ன... கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமே பிறந்தது!

பிரான்ஸின் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த 'ஹாட் பெர்ட்டா' கெட்டிலோ சிலை மாதிரி இருக்கும். மூக்கும் கைப்பிடியும் ஒரே சாய்ந்த குழாய்! அழகுக்கு அழகு, அடுப்படிக்கு உதவவில்லை. 1990-களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சரி, சொம்பை வடிவமைத்த ஆசாமி யார்? தனியாள் யாருமில்லை, பல தலைமுறை என்று ஈம்ஸே சொல்லிவிட்டார்.