குடிமைப் பாடமும் ஆசிரியர் பயிற்சியும்

1950 ஜனவரி 26-ஆம் நாள் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிட்டியது. ஆயினும், அவ்வுரிமையைப் பள்ளியில் விளக்கவேண்டிய ஆசிரியர், அந்நியர் ஆட்சியிலே பயின்றவர். கீழ்ப்படிதலே குடிமகனின் கடமை எனக் கேட்டு வளர்ந்தவர். அவர் உரிமையைக் கற்பிப்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டது 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதன் தலைவராக விளங்கியது தமிழர்க்குப் பெருமையாகும். மக்களாட்சிக்கேற்ற குடிமக்களை உருவாக்குவதே கல்வியின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என அதன் 1953-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றையும் ஒரே சமூகப் பாடமாக இணைத்துக் கற்பிக்கவும் பரிந்துரைத்தது.

ஆசிரியர் ஒருமுறை பெற்ற பயிற்சி ஆயுள் முழுமைக்கும் போதாது என்பதையும் அக்குழு உணர்ந்தது. புத்தறிவுப் பயிற்சி, குறுகியகாலச் சிறப்பு வகுப்பு, செய்முறைப் பயிற்சி, ஆசிரியர் மாநாடு ஆகியவற்றைப் பயிற்சிக் கல்லூரிகளே நடத்துதல் வேண்டும் என்றது. 1955-ஆம் ஆண்டு தொட்டு அக்கல்லூரிகளில் விரிவுப்பணித் துறைகள் தோன்றலாயின. 1961-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தில்லியில் நிறுவப்பெற்றது.

கீழ்ப்படிதலையும் அரசபக்தியையும் வலியுறுத்திய ஆங்கிலேயர் காலத்துப் பாடம் அது என்று கருதி, 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டம் குடிமையியல் என்னும் பெயரையே அரசியலறிவு என மாற்றப் பரிந்துரைத்தது. பெயர் மாறியது நன்றே. எனினும், ஐயம் கேட்டெழும் மாணவனை "உட்கார்" என அதட்டும் வழக்கமும் உடன் மாறுதல் வேண்டும். அம்மாற்றம் ஆசிரியரின் பயிற்சியினின்றே தொடங்கும். நம் குழந்தைகள் பயிலும் பள்ளியில் அப்பயிற்சிக்கு இடமுண்டா என்று பெற்றோராகிய நாமும் வினவுதல் நம் குடிமைக் கடமையன்றோ!