கருங்கண்ணியும் ஓர் அங்குலமும்

நன்னூலில் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்திருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். அது எந்தப் பருத்தியின் பஞ்சு என்று உரையாசிரியர்கள் கேட்பதில்லை. அமெரிக்கப் பருத்தி இந்தியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய நூல் அது. ஆகவே நாட்டுப் பருத்தி என்று துணிந்து சொல்லலாம். கோவில்பட்டி, பசுவந்தனைக் கரிசலில் அப்பருத்திக்குக் கருங்கண்ணி என்று பெயர்.

நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் ஸ்மெக்டைட் வகைக் களிமண் நிறைந்தது கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை அது அடிமண்ணில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆழமாக வேர்விடும் கருங்கண்ணி அந்த ஈரத்தைத் தேடிச் சென்று, மழை நின்ற பிறகும் காய்க்கும். கிணற்றுப் பாசனம் அதற்குத் தேவைப்பட்டதில்லை.

கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும் கலந்த பஞ்சு 'டின்னவெல்லி' என்னும் வணிகப் பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தபோது இந்தியப் பருத்தியின் விலை உச்சத்துக்குப் போயிற்று. போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஆனால் நீண்ட அமெரிக்க இழைக்கென்று அமைந்த இயந்திரங்களின் அளவுகோல் இங்கேயே தங்கிவிட்டது. ஓர் அங்குலத்தை எட்டாத கருங்கண்ணி 'குட்டை இழை' ஆயிற்று. குறை செடியிலா இயந்திரத்திலா என்ற கேள்வியை அன்று எழுப்பியவர்கள் மிகச் சிலரே.

1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியிலிருந்தே தேர்ந்தெடுத்துக் 'கே' வரிசை ரகங்களை உருவாக்கியது. ஆயினும் காலம் வேறு திசையில் ஓடியது. 1947இல் இந்தியப் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு நாட்டுப் பருத்தி. இன்று அது மிகச் சொற்பம். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அதன் முதல் நச்சுப் புரதத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது என்ற செய்தி 2010இலேயே குஜராத்திலிருந்து வந்தது.

இனி மரபணு ஆய்வுக்கு வருவோம். நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்திக்கு 52. பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பழைய உலகப் பருத்தி ஒன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் கலந்து பிறந்தது பின்னது. கருங்கண்ணியின் இனமான காசிப்பியம் ஆர்போரியத்தின் மரபணுத் தொகுதி 2014இல் வாசிக்கப்பட்டது (வாசித்தவர்கள் சீன அறிஞர்கள், எடுத்துக்கொண்டதும் சீன ரகமே. கரிசல்காட்டுக்காரனுக்குச் சற்று உறுத்துகிறது). 2020இல் வந்த விரிவான ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. கருங்கண்ணியின் இனமும் உப்பத்தின் இனமும் ஒரே மூதாதையிடமிருந்து தனித்தனியே கிளைத்தவை. அம்மூதாதையே அமெரிக்கப் பருத்திக்கும் ஒரு பெற்றோர் என்றது. அதிலும் தாய்வழி. தந்தைவழியான அமெரிக்கக் காட்டுச் செடியிலோ நூற்கத்தக்க இழையே கிடையாது.

கருங்கண்ணியைக் குட்டை என்று ஒதுக்கிய அந்த நீண்ட இழை, கருங்கண்ணியின் மூதாதை இல்லாமல் பிறந்திருக்காது. நாட்டுப் பருத்தியால் நீள முடியாது என்பதும் பொய்த்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் பர்பணி வேளாண் பல்கலைக்கழகம் ஓர் அங்குலத்தைத் தாண்டும் நாட்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கோவில்பட்டியிலும் கே வரிசை அறுபடவில்லை. பசுவந்தனைச் சாலையின் இருபுறமும் இப்போது மக்காச்சோளமும் உளுந்தும்தான் கண்ணில் படுகின்றன.