அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு ஆய்வு முன்னுரிமைகள்

இணையப் பாதுகாப்பில் எந்தச் சிக்கலை முதலில் ஆராய்வது, யாருக்கு எவ்வளவு நிதி கொடுப்பது, பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும் எந்த வேலையை இப்போதே தொடங்குவது என அரசு முடிவுசெய்வதே ஆய்வு முன்னுரிமை வகுத்தல். அமெரிக்காவில் இதன் தொடக்கம் ராணுவத்தில் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினியில் ரகசியங்களைக் காப்பது எப்படி என்று ஆராய்ந்த வில்லிஸ் வேர் குழு, 1970இல் பாதுகாப்புத் துறைக்கு அறிக்கை அளித்தது. அந்த அறிக்கையே சில ஆண்டுகள் ரகசியமாகத்தான் இருந்தது.

பொது ஆராய்ச்சிக்கென 2002இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையும் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டும் ஐந்தாண்டுகளில் சுமார் 90 கோடி டாலர் வரை செலவிட அது வழிசெய்தது. ஆனால் அமெரிக்க நடைமுறையில் சட்டம் தரும் அனுமதி வேறு, ஆண்டுதோறும் நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் பணம் வேறு. கைக்கு வந்த தொகை மிகக் குறைவு.

இந்த இடைவெளியை வெளிப்படையாகச் சொன்னது, அதிபரின் தகவல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2005 பிப்ரவரியில் அளித்த அறிக்கை. இத்துறையில் வந்த அரசு ஆவணங்களில் மிக நேர்மையானது என்று அதைச் சொல்லலாம். முன்னுரிமையில்தான் நெருக்கடி என்று தலைப்பிலேயே குழு அறிவித்தது. பணம் ராணுவத்தின் ரகசிய ஆய்வுகளுக்கும் உடனடிப் பலன் தரும் பணிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 2004இல் அறிவியல் அறக்கட்டளையின் சைபர் டிரஸ்ட் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களில் 8 சதவீதத்தினருக்கே நிதி கிடைத்தது. நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் தீவிரமாக இயங்கியவர்கள் 250 பேருக்கும் குறைவு. ரகசிய ஆய்வின் முடிவு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மின் நிலையத்துக்கோ எளிதில் போய்ச் சேராது; அதிலிருந்து மாணவர்களும் உருவாக மாட்டார்கள். ராணுவமோ கடைகளில் விற்கும் அதே மென்பொருளையும் வன்பொருளையும் நம்பியிருக்கிறது. ஆகவே அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு 9 கோடி டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்று குழு கேட்டது. பயனர் அடையாளச் சரிபார்ப்பு, பாதுகாப்பான மென்பொருள் உருவாக்கம், கணினித் தடயவியல் உள்ளிட்ட பத்துத் துறைகளையும் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஜூனில் குழுவின் பதவிக்காலம் முடிந்தது, அது நீட்டிக்கப்படவில்லை.

2008இல் அதிபர் புஷ் பிறப்பித்த ஆணையும் 2011இல் வெளியான ஆய்வுத் திட்டமும் துறைகளிடையே ஒருங்கிணைப்பைக் கொண்டுவர முயன்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அதன்படி 2016இல் வந்த திட்டம் எதிரியைத் தயங்கவைத்தல், காத்தல், கண்டறிதல், தகவமைதல் என்று பணிகளைப் பிரித்தது. இலக்குகளை 1 முதல் 3, 3 முதல் 7, 7 முதல் 15 ஆண்டுகள் எனக் காலவாரியாகவும் வகுத்தது. இந்தக் காலப் பிரிப்பு முக்கியமானது. அது இல்லாவிட்டால் நேற்று நடந்த ஊடுருவலே நாளைய நிதியை முழுவதும் விழுங்கிவிடும்.

நீண்டகால, வெளிப்படையான ஆய்வு என்ன தரும் என்பதைக் குறியாக்கத்தில் காணலாம். குவாண்டம் கணினி வந்தால் இன்றைய குறியாக்க முறைகள் சில உடைந்துபோகும் என்பதால், நிஸ்ட் 2016இல் உலகெங்குமுள்ள ஆய்வாளர்களிடம் புதிய முறைகளைக் கேட்டது. வந்தவற்றில் போட்டிக்கு ஏற்கப்பட்டவை பொதுவில் வைக்கப்பட்டன. யாரும் உடைத்துப் பார்க்கலாம். இறுதிக் கட்டங்கள் வரை வந்த சைக் என்ற முறையை 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் உடைத்தனர். அதற்கு ஒற்றைக் கருச் செயலியும் சுமார் ஒரு மணி நேரமுமே போதுமானதாக இருந்தது. பூட்டிய அறைக்குள் நடந்த தேர்வாக இருந்திருந்தால் அந்தக் குறை பயன்பாட்டுக்கு வந்த பிறகே தெரிந்திருக்கக்கூடும். சோதனைகளைத் தாண்டிய மூன்று தரநிலைகள் 2024 ஆகஸ்டில் வெளியாயின.

தற்போதைய ஆய்வுத் திட்டம் 2023 டிசம்பரில் வெளியானது. சட்டப்படி அடுத்த திட்டம் 2027இல் வர வேண்டும்.