மதுரை பொன்னுசாமிப் பிள்ளையும் பேரன்மாரும்

1968 ஜூலையில் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனமாக நாம் கேட்பது, மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் திரையில் விரல் அசைக்க, ‘நகுமோமு’ ஆபேரியில் பெருகி வரும். நாகசுரம் என்றாலே அந்தப் படம் நினைவுக்கு வரும் அளவுக்கு இவர்கள் வாசிப்பு வீடுதோறும் புகுந்தது.

அதே படத்தில் ஓர் ஆங்கில நோட்டும் உண்டு. இசை தெரிந்தவர்கள் அதை மறுபடி மறுபடி கேட்க வேண்டும். ஆங்கில நோட்டுக்கு இயல்பான கிளாரினெட்டில் துளைகளை மூடித் திறக்க உலோகச் சாவிகள் உண்டு. அரைச்சுரங்கள் அவற்றில் சுத்தமாக விழும். நாயனத்தில் சாவி ஏது? ஏழு விரல் துளைகள், துளையைப் பாதி மறைக்கும் விரல் நுனி, சீவாளியைக் கவ்வும் உதடு, மூச்சின் அழுத்தம், இவ்வளவுதான். கமகத்துக்கென்றே பழகிய கருவியில், சுரங்களை ஒட்டவிடாமல் துண்டுதுண்டாக நிறுத்திக் காட்ட நாக்கின் துத்துக்காரம் சிறிதும் பிசகக் கூடாது. சகோதரர்கள் இருவரும் ஒரே மூச்சாக அதைச் செய்திருக்கிறார்கள். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றது இதற்கு எதிர்த்திசைச் சாதனை.

எம்.பி.என். என்ற மூன்றெழுத்தில் மதுரையும் தாத்தா பொன்னுசாமிப் பிள்ளையும் தந்தை நடேச பிள்ளையும் இருக்கிறார்கள். அந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசத்தான் இக்கட்டுரை.

நாகசுர வித்துவானான பொன்னுசாமிப் பிள்ளை ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்ற நூலை எழுதினார். 1930இல் அது அச்சில் வந்தது. தாய் ராகங்களான மேளகர்த்தா 72 என்று எல்லோரும் ஏற்றிருந்த காலத்தில், 32தான் மெய்யானவை என்று வாதிட்ட நூல் அது. கணக்கு எளிது. ரிஷப காந்தாரச் சேர்க்கை ஆறு. அவற்றில் சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரமும், ஷட்சுருதி ரிஷபத்தோடு அந்தர காந்தாரமும் வரும் இரண்டு சேர்க்கைகளும் விவாதி, அதாவது ஒன்றோடொன்று முரண்படும் சுரங்கள். தைவத நிஷாதத்திலும் அப்படியே இரண்டு கழியும். நான்கை நான்கால் பெருக்கினால் 16. இரு மத்தியமங்களுக்கும் சேர்த்து 32. கழிபட்டவை 40.

ஏட்டில் சுத்த காந்தாரத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் பெயர் வேறு, சுரத்தானம் ஒன்றே. ஒரே ஒலிக்கு இரு பெயர் சூட்டி மேளத்தைப் பெருக்குவது, நாளெல்லாம் நாயனம் பிடித்த கைக்கு உறுத்தியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அவர் முடிவை முழுதும் ஏற்க என்னால் இயலவில்லை. நாட்டையும் வராளியும் விவாதி சுரம் கொண்டவை. அவற்றை ஒதுக்கிவிட்டால் கன ராக பஞ்சகமே குறைபட்டுப் போகும். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி ஒலிக்கும் கம்பீர நாட்டையில் ரிஷபமும் தைவதமும் இல்லாததால் அதற்கு இந்த வழக்கு இல்லை. ஆனாலும், இலக்கணம் பண்டிதருடையது, வாசிப்பு மேளக்காரருடையது என்று பிரித்து வைத்திருந்த நாளில், வாசிக்கிறவரே எழுதுகோல் பிடித்து இலக்கணத்தைக் கேள்வி கேட்டாரே, அந்தத் துணிவு பெரிது. தவில், தாளம், ஒத்து என்று ஒரு செட்டை நடத்தும் தொழிலுக்கிடையே அதைச் செய்தார் என்பது இன்னும் பெரிது.

பேரன்மார் வாசிப்பைத் திரைப்படம் காத்துக் கொடுத்துவிட்டது. தாத்தாவின் நூலைக் காப்பது நம் பொறுப்பு. மதுரை அரசு இசைக் கல்லூரியின் நாகசுர மாணவர்கள் கையில் அதைக் கொடுத்து, ஏற்றும் மறுத்தும் வாதிடச் செய்ய வேண்டும். இதைப் படிக்கும் அன்பர்களில் எவரிடமேனும் பழைய பிரதி இருந்தால், தயவுசெய்து அதைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்து உதவுங்கள்.