பெட்டியடியும் பட்டறையும்: தொழில்முனைவோர் உருவாகும் வழி குறித்து

இளமையில் கிட்டும் வாய்ப்பு, விடாமுயற்சி, நெடுநாள் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே தொழில்முனைவோரை உருவாக்குகின்றன என்னும் கருத்து, மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’ (2008) நூலுக்குப் பின் பரவலாயிற்று. அந்நூல் முன்வைத்த பத்தாயிரம் மணி நேரக் கணக்கு, ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. எரிக்சனோ அதை ஏற்கவில்லை. அந்த எண் வெறும் சராசரி. பிழையைக் கண்டு அங்கேயே திருத்தும் ஆசான் அமைவதே முதன்மையானது என்றார். சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழில் வரலாற்றுக்குக் கிளாட்வெல்லைவிட இந்த மறுப்பே பொருந்துகிறது.

அந்தப் புறநகரில், அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸும் ஆவடியில் 1955இல் டியூப் புராடக்ட்ஸும் எழுந்தன. இரண்டும் முருகப்பா குழுமத்தின் ஆலைகள். ஆனால் அக்குழுமம் தன் தொடக்கமாகக் கொள்வது 1900ஆம் ஆண்டையும் பர்மாவின் மோல்மேன் நகரத்தையும். நிறுவனர் ஏ.எம். முருகப்பச் செட்டியார் பள்ளத்தூரிலிருந்து 14 வயதில் உறவினரின் வட்டிக்கடையில் தொழில் பழகக் கப்பலேறியவர்.

அது அவர் ஒருவருக்கு அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த வாய்ப்பன்று, அவருடைய செட்டியார் சமூகமான நகரத்தாரின் ஏற்பாடு. கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் பல கடைகள் வரிசையாக இருக்கும். கடை என்பது தரையில் ஒரு பாய், சாய்வான மூடியுள்ள ஒரு மரப்பெட்டி, அவ்வளவே. அந்தப் பெட்டியருகே உட்காரும் சிறுவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள், அவருக்கும் மேல் மேலாள். பையன் வட்டியை மனக்கணக்காகப் போடவேண்டும், பேரேட்டில் பதியவேண்டும்; ஐந்தொகை பொருந்தாவிட்டால் பொருந்தும்வரை விடமாட்டார்கள். எரிக்சன் கேட்ட ஆசான் ஒரு கை எட்டும் தூரத்திலேயே இருந்தார். மூன்று ஆண்டுத் தவணைகளில் ஊர் திரும்பி வந்தவனின் கைத்திறம் உறவு வட்டாரத்துக்கே தெரிந்திருக்கும். பின்னாளில் அவன் தனிக்கடை வைக்க முதல் கொடுத்தவர்களும் அந்த வட்டாரத்தாரே. கற்பித்தவரும் கடன் தந்தவரும் ஒரே கூட்டத்தார் என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி.

விடாமுயற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வென்றவரிடம் அதைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது எளிது. நொடித்தவரிடமும் அது இருந்திருக்கும். 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் போரிலும், பின் விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களிலும் இழந்தனர். ஜப்பானியப் படை வருமுன்பே முதலீட்டைத் தாயகத்துக்கு மாற்றியதால்தான் முருகப்பா குடும்பத்துக்குத் தொழிற்சாலை கட்ட முதல் மிஞ்சியது. இதில் வேலை செய்தது பிடிவாதமன்று, ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த பழக்கம்.

இந்த ஏற்பாடு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த வாசல் என்பதையும் சொல்லியாகவேண்டும். குழுமத்தின் முன்னாள் செயல் தலைவர் எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டபோது, 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பு அதை மறுத்தது. 2023இல்தான் குடும்பத்துக்குள் உடன்பாடு எட்டப்பட்டது.

சாதியும் உறவும் இல்லாதவர்களுக்கு அரசு ஒரு மாற்றைக் கட்ட முயன்றது. கடனுக்கு 1949இல் தொடங்கிய சென்னை தொழில் முதலீட்டுக் கழகம், இன்றைய டிக். இடத்துக்கு 1958இல் கிண்டியிலும் 1960களில் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள். பயிற்சிக்கு ஐடிஐயும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும். மூன்றும் நல்லவை, ஆனால் மூன்றும் வெவ்வேறு கவுண்டர்கள். கடன் தரும் அதிகாரி விண்ணப்பித்தவரின் கைவேலையைப் பார்த்ததில்லை. பழகுநருக்கு வேலை கொடுத்தாகவேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. என் பார்வையில் பேட்டையின் பெருங்குறை ஷெட்டிலோ வட்டி விகிதத்திலோ இல்லை. இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

ஆனாலும் அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் பட்டறைகள் முளைத்தன. பெரிய ஆலையில் லேத்தில் நின்றவர் வெளியே வந்து ஒரு பழைய இயந்திரத்தை வாங்கிப் போடுவார். அவருடைய பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு மிஞ்சினால் ரிஜெக்ட் என்று ஒதுக்கி, திரும்பச் செய்யவைத்த அதே சூப்பர்வைசர்தான் முதல் ஜாப் ஒர்க்கை அவர் பெயருக்கு எழுதுவார். ஆசானும் முதல் வாடிக்கையாளரும் அங்கே மறுபடி ஒருவரானார்கள். எந்தத் திட்ட ஆவணமும் இந்த உறவைக் கணக்கில் எடுக்கவில்லை. பேட்டையை மனையாகவும் ஷெட்டாகவும் அளந்தவர்கள், யார் யாருக்கு முதல் ஆர்டர் கொடுத்தார் என்ற பதிவேட்டைத் தொடங்கவேயில்லை.