தோட்டத்து அடுப்பும் பன்றிக்கறியும்: எழுதப்படாத ஒரு வரலாறு

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கங்காணி, பெரட்டுக்களம், லயம், கள்ளுக்கடை, ஆயாக்கொட்டகை எல்லாம் நூலேறிவிட்டன. ஆயினும் அந்த லயத்து வீடுகளின் அடுப்பில் என்ன வெந்தது, எவ்வளவு நேரம் வெந்தது, ஏன் அவ்வாறு வெந்தது என்று எழுதியோர் மிகச் சிலரே. அதிலும் பன்றிக்கறி என்று வந்துவிட்டால் பெரும்பாலும் மௌனந்தான்.

இந்த மௌனம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை வகுப்பறையில் கண்டேன். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தையொட்டி, ‘தாத்தா பாட்டி காலத்து உணவு’ என்று ஒரு சிறு குறிப்பு எழுதி வரும்படி மாணவர்களிடம் கூறியிருந்தேன். ஒரு மாணவனின் தாளில் ‘பன்றி’ என்ற சொல் அழிக்கப்பட்டு, அதன்மேல் வேறொருவர் கையெழுத்தில் ‘கோழி’ என்று எழுதப்பட்டிருந்தது. பெற்றோரைக் குறை கூற மாட்டேன். பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் பிறர் மனம் கோணக்கூடாது என்ற பண்பு அதில் இருக்கலாம். ஆனால் அது மட்டுந்தானா? ‘இதையெல்லாம் உண்டவர்கள் தாழ்ந்தவர்கள்’ என்ற, கடல் கடந்து நம்மோடு வந்த பழைய எண்ணமும் அந்த அழிப்பானில் இருந்தது என்றே கருதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கறி உண்ணாதோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் நெறியை மதிக்கிறேன். எவரையும் உண்ணத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்டவர்களின் வரலாற்றை எழுதுவதே நோக்கம்.

தாழ்வு என்று கருதுவோர் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. அதில் கள் சமைக்கும் மகளிர் பன்றி வளர்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆண்பன்றியைப் பெண்பன்றியோடு சேரவிடாமல், குழியிலே நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுப்பு மிக்க இறைச்சியைக் கள்ளோடு பாணர்க்கு விருந்தாக அளிப்பார்கள். ஓடியாடும் விலங்கின் தசை முறுக்கேறும், அசையாது நின்று உண்பதன் தசை மென்மையாகும் என்ற நுட்பம் அன்றே நம்மவருக்குத் தெரிந்திருந்தது. இன்று ‘மெத்தென்ற பன்றிக்கறி சமைப்பது எப்படி’ என்று இணையத்தில் தேடுவோர் எழுப்பும் அதே வினாவுக்கு, வளர்ப்பின் வழியாகச் சங்கப் புலவர் காட்டும் விடை இது!

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பி பயிரிடப்பட்டது. பின்னர் ரப்பர் வந்தது. லின்சம், பிராட்வால், அத்தர்டன், கெர்பி, சுவா பெத்தோங், தானா மேரா என்று இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் எஞ்சி நிற்கும் தோட்டங்கள் அந்தக் கித்தாக் காட்டில் எழுந்தவையே. உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளரை 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரையில் ஆட்கள் வந்த வண்ணம் இருந்தனர். வந்தவர்களில் பன்றியைத் தொடாத குடிகளும் இருந்தன, குலதெய்வத்துக்கே பன்றி பலியிட்ட குடிகளும் இருந்தன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகள்! ஓர் அடுப்பின் மணம் மறு வீட்டுக்குச் செல்லாமல் இருக்க முடியாது. ஊரில் தனித்தனித் தெருவில் வாழ்ந்தோரைத் தோட்டம் ஒரே கூரையின் கீழ் வைத்தது. சாதி அதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் அதைக் காப்பது கடினமாயிற்று.

இறைச்சி இரு வழிகளில் கிடைத்தது. ஒன்று காட்டுப்பன்றி. காடும் தோட்டமும் ஒட்டிக் கிடந்த இடங்களில் பன்றிகள் இரவில் இறங்கி இளங்கன்றுகளையும் லயத்து மக்கள் பயிரிட்ட மரவள்ளியையும் தோண்டிப் போட்டுவிடும். ஆதலால் நாய்களைக் கொண்டும் கண்ணி வைத்தும் அதைப் பிடிப்பது பயிர்க்காவலாகவும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கறியாகவும் இருந்தது. (இன்று இதை நினைத்தபடி செய்ய இயலாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.) மற்றொன்று, சீனர் வளர்த்த பன்றி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சீனக் குடியானவர்கள் பலர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களின் அருகில் இருந்த அத்தகைய கிராமங்களிலிருந்து சம்பள நாளன்று கறி வந்தது. தீபாவளிக்கு முன்னாளும் வந்தது.

சரி, சமையலுக்கு வருவோம். தோட்டத்துப் பன்றிக்கறி ஏன் மெத்தென்று இருந்தது? ‘அந்தக் காலத்துக் கைப்பக்குவம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது கைப்பக்குவம் மட்டுமன்று. வேலை நேரமும் விறகுமே அந்தப் பக்குவத்தைத் தந்தன.

வெயில் ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, முற்பகலில் பால் எடுப்பு, அதன்பின் பால் ஸ்டோரில் நிறுவை. ஆண்களைப் போலவே பெண்களும் மரம் வெட்டினர். அடுப்பருகில் நின்று கிளறிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. எனவே கறி தானாக வேக வேண்டும். சட்டியில் கறியையும் அரைத்த மசாலையும் இட்டு, மூடி, அடுப்பில் ஒரு கட்டையை மட்டும் விட்டுச் சென்றால், பிற்பகலில் திரும்பும்போது கறி பதமாயிருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் இடையில் கட்டையை உள்ளே தள்ளுவார். அவ்வளவே அவருக்கு வேலை.

விறகோ ரப்பர் விறகு. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்த மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்வார்கள். வீழ்ந்த மரம் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் சென்றது. நன்கு காய்ந்த ரப்பர்க் கட்டை எரிந்து தணலாகி நெடுநேரம் கனலும். தடித்த மண்சட்டி அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ செய்த இந்த ஏற்பாட்டின் அறிவியல் எளிது. விலங்கின் தோள், தொடை முதலிய உழைக்கும் தசைகளைப் பிணைத்து நிற்பது கொல்லாஜன் என்னும் புரதம். 70 பாகை செல்சியசைத் தாண்டிய ஈரச் சூட்டில் அது மெல்ல மெல்லக் கரைந்து, பசைபோன்ற ஜெலட்டினாக மாறும். இதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். தீயைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முயன்றால் தசைநார் முறுக்கி நீரைப் பிழிந்துவிடும். கறி செருப்புத்தோல் ஆகும். ஆகையால் விலை மலிந்த கடினத் துண்டே நீண்ட சமையலில் சிறந்த துண்டாகிறது. ஏழையின் சட்டியில் விழுந்தது அந்தத் துண்டுதான்.

இந்தச் சங்கிலி ஓராண்டில் அறுந்தது. இளைய ஆசிரியர்கள் பலருக்கு அது செவிவழிச் செய்தியாகிவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் பெலண்டோக் வட்டாரம் 1990களில் நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு மையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பகுதிகளில் பன்றிப் பண்ணையாளர் சிலர் மூளைக்காய்ச்சலால் வீழ்ந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுமருந்து அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. பன்றிகள் விற்கப்பட்டு ஊர்விட்டு ஊர் சென்றபோது நோயும் உடன் சென்றது. 1998 டிசம்பரில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும் புக்கிட் பெலண்டோக்கிலும் அது தோன்றிவிட்டது. நோயுற்ற பன்றிகளின் இருமல் ஒரு மைல் தொலைவுக்குக் கேட்குமாம். ‘ஒரு மைல் இருமல்’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

கொசுவால் பரவும் நோயென்றால் பண்ணைக்கு வெளியிலும் பரவ வேண்டும். பன்றியோடு பழகியவர்களே ஏன் சாகிறார்கள்? தடுப்பூசி போட்டவர்களும் ஏன் சாகிறார்கள்? மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சுவா காவ் பிங், 1999 மார்ச் மாதத்தில் நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியில் இதுவரை அறியப்படாத ஒரு நச்சுயிரியைக் கண்டார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. ஓர் ஆற்றின் பெயர், கரையில் வளரும் நீப்பா பனையின் பெயர், உலகம் அஞ்சும் ஒரு நோயின் பெயராயிற்று. அந்த ஊர் மக்கள் அதற்காக வருந்தியதில் வியப்பில்லை.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்துத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பன்றிப் பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரும் நோயுற்றோரில் இருந்தனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதேயில்லை. தோட்டத்து வருமானம் போதாமல் பண்ணை வேலைக்குச் சென்றவர்கள் வரலாற்றில் எங்கே வருகிறார்கள்? ‘அது சீனர் நோய்’ என்று அன்று லயங்களிலும் பேச்சு இருந்தது. நோய் இனம் பார்க்கவில்லை. யார் பன்றியைத் தொட்டு வேலை செய்தார்கள் என்றுதான் பார்த்தது.

1999 பிப்ரவரி இறுதியில் தொடங்கி இராணுவத்தின் துணையோடு பன்றிகளை அழித்தனர். அழிக்கப்பட்டவை பத்து இலட்சத்துக்கும் மேல். குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. பழந்தின்னி வௌவால்களே நச்சுயிரியின் இருப்பிடம் என்பது பின்னர் தெரிய வந்தது. பன்றிக் கொட்டில்களை ஒட்டியே மாமரம் முதலிய பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலில் விழுந்தது. நன்கு சமைத்த கறியை உண்டதால் நோய் வந்ததாகக் கண்டறியப்படவில்லை. அச்சத்துக்கு அது தெரியுமா? பன்றிக்கறி வாங்க ஆளில்லாமல் போயிற்று. புக்கிட் பெலண்டோக்கில் பன்றி வளர்ப்புக்கே முற்றுப்புள்ளி விழுந்தது. பலர் செம்பனைக்கு மாறினர்.

அதற்குள் லயங்களும் கலையத் தொடங்கியிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் நீலாய், சிரம்பான் 2 என்று புறநகர்கள் எழுந்தன. ரப்பர் மரமும் 1980களிலிருந்து மேசை நாற்காலிக்கு விலைபோகும் மரமாயிற்று. இலவச விறகு என்பது பழங்கதை. அடுக்குமாடி வீட்டில் எரிவாயு அடுப்பு, அதன்மேல் பிரஷர் குக்கர். அரை மணியில் கறி வேகிறது. ஆனால் முதியோர் ஒரு வாய் உண்டதும் தட்டைத் தள்ளிவிட்டு, ‘பழைய ருசி இல்லை’ என்கிறார்கள்.

அந்தப் பழைய ருசிக்கு மிக அருகில் வருவது, விந்தையாக, ஸ்லோ குக்கர் என்னும் மின்சட்டிதான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்னும் யூதப் பொறியாளர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பதால், முதல்நாளே ரொட்டிக்கடை அடுப்பில் சட்டியை வைத்து இரவெல்லாம் கனலில் வேகவிட்ட தம் முன்னோரின் வழக்கமே அவருக்குத் தூண்டுகோல். 1971இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் இது சந்தைக்கு வந்து, வேலைக்குச் செல்லும் பெண்களிடையே பரவியது. அடுப்பருகில் நிற்க நேரமில்லாத பெண்கள்! நம் பால்மரத்துப் பெண்களின் தேவையும் இதுவேயன்றோ? அதில் இன்று பலர் சமைக்கும் ‘புல்டு போர்க்’, அதாவது பிய்த்த பன்றிக்கறி, அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு உரியது. அங்கே தீக்குழியருகில் இரவெல்லாம் விழித்திருந்து இறைச்சியைப் பதப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பருத்தி, புகையிலைத் தோட்டங்களின் அடிமைகள். அதுவும் தோட்டத்துச் சமையல்தான்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு முறையையும் தருகிறேன். கொழுப்போடு கூடிய தோள்கறி ஒன்றரைக் கிலோவை இரண்டு அல்லது மூன்று பெருந்துண்டுகளாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி ஓரிரவு குளிரறையில் வைக்கவும். காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, இஞ்சி, பூண்டு ஆகியவற்றை அரைத்துக்கொள்ளவும். அம்மி இருந்தால் அம்மியிலேயே அரைக்கவும். சிறிய வெங்காயம் இருபதைச் சட்டியின் அடியில் பரப்பி, மேலே கறியை வைத்து, மசாலையைப் பூசி, நெல்லிக்காயளவு புளியை அரைக் குவளை நீரில் கரைத்து ஊற்றவும். அதற்குமேல் நீர் வேண்டா. மின்சட்டியில் ஆவி வெளியேறாது, கறியே நீர்விடும். மிதச்சூட்டில் எட்டு மணி நேரம். உறைந்த கறியை அப்படியே இடக்கூடாது. நடுப்பகுதி சூடேறுமுன் கெட்டுவிடக்கூடும். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் கூடாது. கறியின் உட்சூடு 90 பாகையைத் தாண்டும்போது முள்கரண்டி பட்ட அளவில் நார் நாராகப் பிரியும். பிய்த்த கறியைத் தனியே எடுத்து, மிஞ்சிய சாற்றை வாணலியில் ஊற்றிப் பெருந்தீயில் சுண்டவைத்து, கறிவேப்பிலை தாளித்து, கறியை இட்டுப் புரட்டி இறக்கவும். இந்தக் கடைசிப் புரட்டல் இல்லையேல் அது அமெரிக்கர் கறி, நம் கறியன்று. புகை மணம் மட்டும் வராது. அதற்கு மின்சாரத்தில் வழியில்லை.

காட்டுப்பன்றி கிடைப்பது இப்போது மேலும் அரிதாகிவிட்டது. 2021இல் சாபாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பின்னர் தீபகற்பத்துக்கும் பரவிற்று. அது மனிதரைத் தொற்றுவதில்லை. பன்றிகளையே கொன்று குவிக்கிறது. லுக்குட், சிலியாவ் பக்கம் முன்பு செம்பனைக் காட்டில் அந்தி வேளையில் குட்டிகளோடு வரிசையாகக் கடக்கும் பன்றிகளைக் கண்ட பெரியவர்கள், இப்பொழுது தடங்கூடக் காணோம் என்கிறார்கள்.