லோரியால்–யுனெஸ்கோ அறிவியல் பெண்கள் விருது

அறிவியல் ஆய்வில் தலைசிறந்த பெண்களுக்கு வழங்கப்படும் பன்னாட்டு விருது. பிரான்சின் லோரியால் நிறுவனமும் யுனெஸ்கோவும் இணைந்து 1998இல் தொடங்கின.

தேர்வு: ஆப்பிரிக்கா–அரபு நாடுகள், ஆசியா–பசிபிக், ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா–கரீபியன், வட அமெரிக்கா ஆகிய ஐந்து வட்டாரங்களிலிருந்து ஆண்டுக்கு ஐவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஓராண்டு உயிரியல், சுற்றுச்சூழல் துறைகளுக்கும், மறு ஆண்டு இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் துறைகளுக்கும் விருது மாறி மாறி அமைகிறது. ஒவ்வொருவருக்கும் 1,00,000 யூரோ வழங்கப்படுகிறது. இளம் பெண் ஆய்வாளர்களுக்குத் தனியே உதவித்தொகையும் உண்டு.

விருதாளர்கள்: இந்தியாவின் இந்திரா நாத் 2002இல் இவ்விருதைப் பெற்றார். தொழுநோய்க் கிருமி உடலில் பெருகும்போதும் சில நோயாளிகளின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதற்கெதிராக ஏன் கிளர்ந்தெழுவதில்லை என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் அவர். அதா யோனத், எலிசபெத் பிளாக்பர்ன் இருவரும் 2008இல் இவ்விருதையும் மறு ஆண்டே நோபல் பரிசையும் பெற்றனர். மரபணுத் திருத்த முறையைக் கண்ட எம்மானுவேல் சார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் 2016இல் இவ்விருது கிடைத்தது. நோபல் 2020இல் வந்தது. 2022இல் இதைப் பெற்ற கத்தலின் கரிகோ 2023இல் மருத்துவ நோபலை வென்றார்.

அறிவியல் நோபல் பரிசுகளில் பெண்களின் பங்கு இன்றும் மிகச் சிறிதே. ஆகவே இத்தகைய விருதின் தேவை குறையவில்லை.